மைதீன் மேலே அடித்த பந்து

மில் டீமுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கு,

நான் விலகிப் போகிற அன்று மைதானத்தில் நின்று நாலு வார்த்தை பேசும்படி கேட்டீர்கள். கூட்டத்துக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்தும் அப்படியொன்றும் ஓடாது. ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் எழுதித் தருகிறேன். நேரம் கிடைக்கிறவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.

பந்தை எப்படி மறிப்பது, எப்படி அடிப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது ஓடி ஓடி வருவது. நான் சொல்ல நினைப்பது மைதீன் பிச்சையைப் பற்றி. அவன் நம் டீமில் ரைட் பேக். நான் லெஃப்ட் பேக். அப்போதெல்லாம் பின்னால் நிற்பது இரண்டே பேர்தான். எங்களுக்குப் பின்னால் கோல் காக்கிற கோலி. அவ்வளவுதான்.

பேருக்கு நாங்கள் இருவரும் மர மில்லில் தடி உருட்டுகிறவர்கள். மலை தாண்டி, புளியறை வழியாக லாரியில் வந்து இறங்கும் மரத்தடிகளை ரம்பத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. ஆனால் முதலாளி எங்களை எடுத்தது பந்துக்காகத்தான். மலைக்கு அந்தப் பக்கம் மரம் வாங்கப் போன இடத்தில் கால்பந்தாட்டத்தைப் பார்த்து அவருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. நன்றாக ஆடுகிறவன் யாரைப் பார்த்தாலும் "தடி உருட்டுவியாலே?" என்று கேட்பார்.

அந்தக் காலத்தில் பேக்குக்கு ஒரே வேலைதான். வந்த பந்தை ஓங்கி அடிக்க வேண்டும். எங்கே போய் விழுந்தாலும் சரி, நம் கோலை விட்டுப் போனால் போதும். மைதீன் அப்படி அடிக்க மாட்டான். கோலுக்கு முன்னால், எதிராளியின் மூச்சு மேலே படுகிற தூரத்தில், பந்தைக் காலடியில் நிறுத்துவான். எதிராளி பாய்வான். அவனை ஒரு பக்கம் போகவிட்டு இவன் மறுபக்கம் நடப்பான். நடப்பான் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே நடுக்கோடு தாண்டிப் போய்விடுவான். சில நேரம் ஆட்டம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது ஆளே இல்லாத மூலையில் போய் நிற்பான். இவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று ஜனங்கள் கேட்டு முடிப்பதற்குள் பந்து அங்கே வந்து விழும்.

"எப்படிலே தெரிஞ்சுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு எங்கலே தெரியும்? காலு அங்கன போச்சு. தனியா விட முடியாதுலா, நானும் கூடப் போனேன்."

இப்படி ஒருத்தனை வைத்துக்கொண்டு டீம் நடத்துவது லேசான காரியம் இல்லை. அப்போது கேப்டனாக இருந்தவர் ரம்பம் ஓட்டுகிறவர். தன் பெயரை எங்கேயும் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் நானும் எழுதவில்லை. அவர் ஒரு ஏற்பாடு செய்தார். மைதீன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் கேட்கக் கூடாது. அவன் போனால் நான் நடுவுக்கு வர வேண்டும். நான் விட்ட இடத்துக்கு லெஃப்ட் ஹாஃப் இறங்க வேண்டும். "அவன் போறத நான் கேக்க மாட்டேன். நீங்க வரலன்னா கேப்பேன்" என்றார்.

நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மைதீனுடைய வலது குதிகாலைப் பார்க்கப் பழகினேன். அவன் போகப்போகிறான் என்றால் அந்தக் குதிகால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பும். அது எழும்பினதும் நான் நகர்ந்துவிடுவேன். ஜனங்கள் மைதீன் போவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவன் விட்டுப்போன இடத்தில் நான் நிற்பது யார் கண்ணிலும் படாது. ஊரில் என்னை "மைதீன்கூட நிக்குதவன்" என்பார்கள். என் சுபாவத்துக்கு அது வசதியாகவே இருந்தது.

அவன் போனதெல்லாம் பலித்தது என்று நினைக்காதீர்கள். கடையநல்லூரில் ஒரு ஆட்டத்தில் நடுக்கோட்டில் பந்தைப் பறிகொடுத்தான், அது நேராக நம் கோலுக்குள் போனது. ஆட்டம் முடிந்து திரும்பி வரும்போது கோலி அவனைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு ஒரு இடம் கெடையாதாடே? சந்தைக்கு வந்த மாடு மாதிரி சுத்துத" என்றான். கேப்டன் குறுக்கே வந்தார். "அவன் போனத விடு. அவன் போனப்போ மத்தவன் எல்லாம் எங்கன நின்னோம்? அதப் பேசுவோம்" என்றார். தென்காசி வந்து சேரும்வரை அதைத்தான் பேசினோம். அடுத்த ஆட்டத்தில் மைதீன் குதிகால் எழும்பியபோது ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் நகர்ந்தோம்.

தம்பிமாரே, ஒரு நல்ல பேக்குக்கு மனம்போல ஆடுகிற சுதந்திரம் இருக்கிறது என்றால், அது அவன் ஒருத்தனுடைய சொத்துபோல வெளியே தெரியும். உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன். அது பத்துப் பேர் சேர்ந்து தூக்கிப் பிடிக்கிற தடி. கூட நிற்கிறவன் தோளை எடுத்துவிட்டால் அது ஆடுகிறவன் காலில்தான் விழும்.

பிறகு கேப்டன் வேறு வேலை கிடைத்துப் புனலூருக்குப் போய்விட்டார். மில் மேனேஜரே டீமையும் பார்த்துக்கொண்டார். மதுரைப் பக்கத்துக்காரர். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். யார் கூலியிலும் கை வைத்தவர் இல்லை. லாரி வரும், தடி இறங்கும், அறுபடும், அடுக்கப்படும், எல்லாம் அதனதன் இடத்தில் நடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மைதானத்திலும் அதையே எதிர்பார்த்தார். நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்த வரையில் ஒன்றும் சொல்லவில்லை.

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். குற்றாலம் போகிற சாலையோரத்து மைதானத்தில் வருஷாவருஷம் நடக்கிற போட்டி அது. அருவியில் குளிக்க வந்த முதலாளியின் விருந்தாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செமி ஃபைனலில் மைதீன் வழக்கம்போல கோலுக்கு முன்னால் பந்தை நிறுத்தினான். சாரல் விழுந்து தரை வழவழவென்று கிடந்தது. வழுக்கி உட்கார்ந்துவிட்டான். எதிராளி அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஜெயித்தது நாங்கள்தான். ஆனாலும் விருந்தாளி ஒருத்தர், "உங்க பேக்கை எந்த சர்க்கஸ்ல பிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சேர்ந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரிக்கவில்லை.

மறுநாள் தடிகளுக்கு நடுவில் வைத்து மைதீனைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஃபைனல்ல கோலுக்கு முன்னாடி பந்தை வச்சு விளையாடுறதெல்லாம் கூடாது. வந்ததும் ஓங்கி மேல அடி. உன் இடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. புரியுதா?"

மைதீன் சிரித்தான். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறான்.

"சிரிக்காதப்பா. உன்னையும் உன் தம்பியையும் இங்க வச்சிருக்கிறது எதுக்குன்னு உனக்கே தெரியும். பந்து சரியில்லைன்னா ரெண்டு பேருக்குமே இங்க ஜோலி இல்லை."

அவன் தம்பி மில்லில் பலகை அடுக்குகிறவன். பந்தைத் தொட்டதே இல்லை. அண்ணனுக்காகக் கொடுத்த வேலை. அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

மேனேஜர் போனதும், "என்னலே செய்யப் போற?" என்று கேட்டேன்.

"என்ன செய்ய? நான் சர்க்கஸ் காட்டுததுக்கு தம்பி பொண்டாட்டியா பட்டினி கெடக்கணும்?" என்று சொல்லிவிட்டுத் தடியைப் புரட்டப் போனான்.

ஃபைனலில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த டீம் எங்களோடு ஆடியது. முதல் பாதியில் காற்று எங்கள் முதுகில் இருந்தது. ஒரு கோல் போட்டோம். மைதீன் ஓங்கி அடித்த பந்தெல்லாம் காற்றோடு போய் எதிராளி பக்கம் விழுந்தது. மேனேஜர் கைதட்டினார். இடைவேளையில் அவன் முதுகில் தட்டி, "பாத்தியா, எவ்வளவு சுலபம்" என்றார்.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சீசன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அது கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். ஆளைத் தள்ளும். இரண்டாம் பாதியில் நாங்கள் மலையைப் பார்த்து அடிக்க வேண்டும். உயரமாக அடித்தால் பந்து போகாது. மேலே போய் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வரும். அதனால்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் சீசனில் பந்தைத் தரையோடு உருட்டி ஆடுவார்கள்.

மைதீன் மேனேஜரிடம் போய்ச் சொன்னான். "சார், இனிமே எதிர்காத்து. மேல அடிச்சா நம்மகிட்டயேதான் வரும். கீழ வச்சுக் கொண்டு போறேனே?"

"காத்துக்கும் நீதான் மேஸ்திரியா? சொன்னதைச் செய்."

நான் பேசினால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், "அவன் சொல்லுதது நெசம் சார்" என்றேன். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் அவர்களும் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து மைதீன் காலுக்கு வந்தது. அவர்கள் ஃபார்வர்டு ஒருத்தன் அவனைப் பார்த்து ஓடி வந்தான். இடது பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. மைதீன் குதிகால் எழும்பியதை நான் பார்த்தேன். நடுவுக்கு நகரவும் செய்தேன். கோட்டுக்கு வெளியே இருந்து மேனேஜர், "அடி, மேல அடி!" என்று கத்தினார். குதிகால் தரைக்கு இறங்கியது. மைதீன் ஓங்கி அடித்தான்.

பந்து நேராக மேலே போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். காற்று அதைப் பிடித்து எங்கள் பக்கமே கொண்டுவந்தது. கோலி முன்னால் ஓடினான், பிறகு பின்னால் ஓடினான். எங்கள் கோலுக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்த அவர்களுடைய நெட்டையன் தலையில் வந்து அது இறங்கியது. அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். கோப்பை மலை ஏறிப் போய்விட்டது.

தோற்பது பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய விஷயம்.

மைதீனை வருஷக்கணக்காகப் பார்த்த ஊர் இது. அவன் பந்தை மேலே அடிக்க மாட்டான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுவும் எதிர்காற்றில், அதுவும் கடைசி நேரத்தில். ஜனங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். மைதீன் ஆட்டத்தை விற்றுவிட்டான்.

அந்த வாரம் பஸ் நிலையத்துப் பக்கம் இருவரும் டீ குடிக்கப் போனோம். பெஞ்சில் இருந்த ஒருத்தர் மைதீனைப் பார்த்ததும், "வாங்க வாங்க, கோப்பையப் பொதிஞ்சு குடுத்தீரா, இல்ல கையிலயே குடுத்தீரா?" என்றார்.

இன்னொருத்தர், "சும்மா இரும் அண்ணாச்சி. புள்ள பாவம், காத்துல காலு தவறிட்டு. அவனுக்குத்தான் நம்ம ஊரு காத்தே தெரியாதுல்லா?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது.

மைதீன் டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பெண்டாட்டி தண்ணீருக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தம்பி மட்டும் மில்லில் ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டான். விஷயம் முதலாளி வரைக்கும் போனது.

முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மைதீன், நான், கோலி. மேனேஜரும் இருந்தார்.

"ஊருல சொல்லுதது என் காதுக்கும் வந்துச்சு. நெசத்த ஒருத்தன் சொல்லுங்க" என்றார்.

கோலி தரையைப் பார்த்தான். நான் முதலாளி முன்னால் அதுவரை "சரிங்க" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. "மேனேஜர் சார்தான் மேல அடிக்கச் சொன்னாரு முதலாளி. அவன் காத்தப் பத்தி எடுத்துச் சொன்னான். நானும் சொன்னேன்" என்றேன்.

மேனேஜர் மறுக்கவில்லை. "ஆமாங்க, சொன்னேன். எந்த ஊர்லயும் பேக் அப்படித்தான் அடிக்கிறான். கோலைக் காப்பாத்தச் சொன்னது தப்பா?" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. வேறு ஊராக இருந்தால் அதுதான் சரி.

முதலாளி மைதீனைப் பார்த்தார். "அவரு சொன்னாருன்னுதான் அடிச்சியா?"

"அவருக்குக் காத்து தெரியாது முதலாளி. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றான்.

"வித்தியாலே?"

"இல்ல."

முதலாளி நம்பினார் என்றே நினைக்கிறேன். "சரி, போங்க. வேலைக்கு ஒண்ணும் இல்ல. ஊர் வாய நான் பாத்துக்கிடுதேன். மைதீனு, நீ இனிமே நிக்கச் சொன்ன இடத்துல நில்லு, அடிக்கச் சொன்னா அடி. அதுக்கு மேல எதுவும் வேண்டாம். அப்போ ஒருத்தன் ஒண்ணு சொல்ல முடியாதுல்லா?" என்றார். மைதீன் தலையை ஆட்டினான்.

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வேலை போகவில்லை. நான் வாயைத் திறந்ததற்கும் பலன் இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

அவனுடைய நிலைமை எனக்குப் பிடிபட மாதங்கள் ஆயின. சொன்னபடி அடித்ததையே ஊர் விற்றதாகச் சொன்னது. இனி சொன்னதை மீறி அவன் மனம்போல ஒன்று செய்து, அது பிசகினால் ஊர் என்ன சொல்லும்? கடையநல்லூரில் பிசகியதைப்போல ஒரு தடவை பிசகினால் போதும். மனம்போல ஆடுகிறவன் பிசகத்தான் செய்வான். பிசகுவதற்கு இடம் இருந்ததால்தான் மைதீன் ஆடினான். அந்த இடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் எல்லாரும் அவனுக்கு நல்லது செய்கிற எண்ணத்தில்தான் எடுத்தார்கள்.

உங்களில் யாராவது நாளைக்குக் கேப்டன் ஆவீர்கள், யாராவது டீமை நடத்துவீர்கள். ஒருத்தனிடம் "உன் இஷ்டப்படி ஆடு" என்று சொல்வதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். சொல்லிவிட்டால், விருந்தாளி சிரிக்கிற அன்றைக்கும் அந்தப் பேச்சு நிற்க வேண்டும். ஜெயிக்கிற வரைக்கும் கொடுத்துவிட்டு, பயம் வந்த அன்றைக்குப் பிடுங்குவதாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம். கொடுக்காமலே இருந்திருந்தால் மைதீன் சாதாரணமான ஒரு பேக்காக ஆடி, பேர் கெடாமல் போயிருப்பான்.

அதற்கடுத்த சீசனிலும் அவன் ஆடினான். அடுத்தடுத்து ஜெயித்தோம். வந்த பந்தையெல்லாம் அடித்தான். தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. மைதீனுக்காக வந்துகொண்டிருந்த கூட்டம் மெல்லக் குறைந்தது. வந்தவர்களில் சிலர், "போலே மைதீனு, போ!" என்று கத்திப் பார்த்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பழையபடி பந்தைப் பார்த்து ஆட ஆரம்பித்தேன்.

அதே மைதானத்தில், சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு ஆட்டம். நம் கோலி பந்தைப் பிடிக்க முன்னால் ஓடிச் சேற்றில் விழுந்தான். பந்து அவன் கையைத் தாண்டி, கோலுக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீரில் போய் நின்றுவிட்டது. யாரும் அடிக்கவில்லை, உருளவும் இல்லை, சும்மா மிதந்துகொண்டு நின்றது. நான் மறுபக்கத்தில் ஒருத்தனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிராளி ஒருத்தன் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். மைதீனுக்கு அது கூப்பிடு தூரம்கூட இல்லை. நாலு எட்டு வைத்தால் போதும்.

"மைதீனு!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்தது எனக்கே ஆச்சரியம்.

அவன் பந்தைப் பார்த்தான். பிறகு கோட்டுக்கு வெளியே, குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் குடையைக் கீழே போட்டுவிட்டு, "ஓடு! ஓடுப்பா!" என்று இரண்டு கையையும் வீசினார். அது காதில் விழுந்த பிறகுதான் மைதீன் ஓடினான். அதற்குள் அந்தப் பையன் வந்து பந்தை உள்ளே தள்ளிவிட்டான்.

அன்று அவனை யாரும் திட்டவில்லை. கோலியும் திட்டவில்லை, கூட்டத்திலிருந்தும் சத்தம் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் தாமாகவே அவனிடம் வந்து தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லை மைதீன். உன் மேல தப்பு இல்லை. நீ உன் இடத்துலதானே நின்ன."

மைதீன், "ஆமா சார்" என்றான்.